ஓப்பன் சோர்ஸ் பக்கம் ஆளை அனுப்பும் முன்

2024 தொடக்கத்தில், எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் திருத்தம் அனுப்பலாம்) புல் ரிக்வெஸ்டுகள், அதாவது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கைகள், நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. பெரும்பாலும் ஒரே சங்கதிதான்: திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் அனுப்பியவர் தன் பெயரைச் சேர்த்திருப்பார். புல் ரிக்வெஸ்ட் போடுவது எப்படி என்று சொல்லித்தந்த ஒரு யூடியூப் பாடத்தில் அந்தத் திட்டத்தையே எடுத்துச் செய்து காட்டியதால் வந்த வினை. அக்டோபர் மாதம் ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிப்பவர்களுக்குப் பரிசு தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்விலும் 2020-ல் இதே கூத்து, அப்போது டி-ஷர்ட்டுக்காக. அக்டோபர் முதல் வாரத்திலேயே விதியையே மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள்.

பிள்ளைகளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. "ரெஸ்யூமேல ஓப்பன் சோர்ஸ் இருந்தா நல்லது" என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று சொல்லாமல் நகர்ந்துவிடும் சீனியர்களைத்தான் கேட்க வேண்டும்.

புதிதாக வருபவரிடம் நான் முதலில் கேட்பது, தினமும் என்ன மென்பொருள் பயன்படுத்துகிறாய், அதில் எது உன்னை எரிச்சல்படுத்துகிறது என்பதைத்தான். பெரிய திட்டங்களில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கு ஏற்ற வேலை) என்று ஒட்டிய வேலைக்கு, ஒட்டிய கொஞ்ச நேரத்திலேயே "எனக்குத் தாருங்கள்" என்று நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். தான் பயன்படுத்தும் மென்பொருள் என்றால் பிழை எங்கே வருகிறது என்று அவருக்கே தெரியும். கோடு எழுத வராதவர் என்றால் மொழிபெயர்ப்பு இருக்கிறது. லிப்ரேஆபிஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளின் தமிழ் வரிகளை வெப்லேட் தளத்தில் பிரவுசரிலேயே திருத்தலாம். ஆனால் அதே லிப்ரேஆபிஸுக்குக் கோடு அனுப்ப, பல திட்டங்கள் இருக்கும் கிட்ஹப் தளம் செல்லாது, கெரிட் என்ற வேறொரு ரிவ்யூ தளம் வழியாகத்தான் போக வேண்டும். வீட்டுக்கு வீடு வாசப்படி என்றாலும் வாசல் வேறு வேறு பக்கம் இருக்கும், அதனால் எப்படி அனுப்ப வேண்டும் என்று திட்டமே எழுதி வைத்திருக்கும் கான்ட்ரிப்யூட்டிங் கோப்பைப் படிக்க வைத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

அப்புறம், கோடைத் தொடுவதற்கு முன்னால் அதைத் தன் கணினியில் பில்ட் செய்து (கோடிலிருந்து ஓடும் மென்பொருளாக்கி), டெஸ்டுகளை ஓட்டிப் பார்க்கட்டும். பலர் இங்கேயே கழன்றுகொள்வார்கள், ஏனென்றால் வழிகாட்டியில் ஏதோ ஒரு படி விடுபட்டிருக்கும். பழைய ஆட்களின் கணினியில் அந்த லைப்ரரி என்றோ ஏறியிருக்கும், அவர்கள் கண்ணுக்கு அந்தக் குறை படவே படாது. விடுபட்ட அந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், நல்ல முதல் பங்களிப்பு அது.

அனுப்பும் முன் கூடவே உட்கார்ந்து, எந்தெந்த வரி மாறியிருக்கிறது என்று காட்டும் கிட் டிஃப்பைப் பாருங்கள். மாற்றியது ஒரே ஒரு இஃப் நிபந்தனை, ஆனால் திரையில் சிவப்பும் பச்சையுமாக நானூறு வரி ஓடும். சேவ் செய்யும்போது எடிட்டர் தானாகவே கோப்பு முழுவதையும் ஃபார்மேட் செய்திருக்கும். கூடவே, லைப்ரரிகளின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் பேக்கேஜ் லாக் கோப்பும் தொற்றிக்கொண்டு வந்திருக்கும். என்ன மாற்றினோம் என்று சொல்ல வேண்டிய கமிட் செய்தியைப் பார்த்தால் 'பக் ஃபிக்ஸ்டு'. இதை வாங்கிப் படிப்பவர், பல திட்டங்களில், ஆபீஸ் முடிந்து ராத்திரி உட்காரும் ஆள். எந்த வரியைத்தான் அவர் பார்ப்பார்? தனிக் கிளை போடாமல் மெயின் பிராஞ்சிலேயே (முதன்மைக் கிளையிலேயே) வேலை செய்திருந்தால் அதையும் இப்போதே பிரித்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த புல் ரிக்வெஸ்டில் பழையதும் சேர்ந்து போகும். ஒன்று மட்டும், கீபோர்டைப் பிடுங்கி நீங்களே சரிசெய்துவிடாதீர்கள், அவர் விரல்தான் பழக வேண்டும்.

ஏஐ எழுதித் தந்ததைப் புரியாமல் ஒட்டி அனுப்புவது இப்போதைய புதுத் தலைவலி. இணையத்தில் தரவு அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தைத் தொடங்கிய டேனியல் ஸ்டென்பெர்க் இப்படி வரும் பொய்யான பாதுகாப்பு அறிக்கைகளைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை (திட்டத்தின் விதி அனுமதித்தால்), ஆனால் "இந்த வரி எதற்கு?" என்று ரிவ்யூவில் கேட்டால் அவருக்குப் பதில் தெரிய வேண்டும்.

அனுப்பியாச்சு, சத்தமே இல்லையா? ஒன்றிரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் போடலாம். 'சேஞ்சஸ் ரிக்வெஸ்டட்' (மாற்றங்கள் தேவை) என்று வந்தால் ஆள் மிரண்டுபோவார், அது திட்டு இல்லை, அனுபவசாலிகளுக்கும் தினமும் வருவதுதான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏற்காமல் மூடிவிட்டால், காரணம் எழுதியிருக்கிறார்களா என்று சேர்ந்தே படியுங்கள். எழுதவில்லையென்றால் ஒரு தடவை கேட்கச் சொல்லலாம், இரண்டாம் தடவை வேண்டாம்.