தூங்குற மெஷின் எப்படி கரெக்டா அலாரம் அடிக்குது? பழைய பாம் பைலட் காலத்து கடிகாரமும் காலண்டரும்

பாம் பைலட் மாதிரி பழைய கையடக்க கம்ப்யூட்டர்கள்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் அதோட அலாரம்தான். ஸ்கிரீன் அணைஞ்சு கிடக்கும், பிராசஸர் ஓடாது, ஒரு புரோகிராமும் உள்ள வேலை செஞ்சுட்டு இருக்காது, ஆனா அடுத்த மாசம் காலைல 9:50-க்குன்னு போட்டு வெச்சா அன்னிக்கு 9:50-க்கு டிங் டிங்னு அடிச்சு ஸ்கிரீன்ல மெசேஜ் காட்டும். சார்ஜர் கிடையாது, நெட் கிடையாது, ரெண்டே ரெண்டு ட்ரிபிள்-ஏ பேட்டரி, அதுவும் வாரக்கணக்குல தாங்கும். யாருமே முழிச்சிருக்காத மெஷின்ல நேரம் ஆச்சுன்னு யார் பாத்தாங்க? இதுக்கு பதில் தெரிஞ்சா அந்தக் கால சாஃப்ட்வேர் எழுதினவங்க மேல தனி மரியாதையே வந்துடும்.

1996-ல வந்த பைலட் 1000-ல மோட்டோரோலா டிராகன்பால் பிராசஸர், வேகம் சுமார் 16 மெகாஹெர்ட்ஸ், மெமரி 128 கிலோபைட். அதுக்கு முன்னாடியே சயான் சீரிஸ் 3 (1991), ஆப்பிள் நியூட்டன் (1993), டாஸ்ல ஓடுன எச்பி 200எல்எக்ஸ் (1994) எல்லாம் இருந்துச்சு. உள்ள இருக்குற சிப்பு வேற வேற, ஆனா நேரத்த கவனிக்கிற அடிப்படை வித்தை எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

அந்த வித்தை ஒரு குட்டி குவார்ட்ஸ் கிரிஸ்டல்ல ஆரம்பிக்குது. கைக்கடிகாரத்துல இருக்குற அதே வகைதான், வினாடிக்கு 32,768 தடவை துடிக்கும். ஏன் இப்படி ஒரு விசித்திரமான எண்ணுன்னா, 1-ஐ 15 தடவை இரட்டிப்பாக்கினா வர்றது 32,768, அதனால துடிப்ப வரிசையா 15 தடவை பாதியாக்குற எளிமையான சர்க்யூட் போதும், கடைசில சரியா வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைச்சிடும். இந்த பாதியாக்குற வேலைக்கு கரண்ட் கிட்டத்தட்ட செலவே ஆகாது. பைலட்ல இன்னும் அழகான ஒரு விஷயம் இருக்கு, அதே சின்ன கிரிஸ்டலோட துடிப்ப 506 மடங்கு பெருக்கித்தான் பிராசஸருக்கான 16.58 மெகாஹெர்ட்ஸையே எடுக்குறாங்க. கடிகாரத்துக்கும் மூளைக்கும் ஒரே நாடி.

சரி, பேட்டரி எப்படி வாரக்கணக்குல தாங்குது? பிராசஸருக்கு மூணு நிலை. நீங்க எதையாவது தொட்டு அது கணக்கு போடுறப்போ முழு வேகம். வேலை இல்லாம ஸ்கிரீன் மட்டும் எரியுறப்போ அரைத்தூக்கம், நீங்க படிச்சுட்டு இருக்குற நேரத்துல பெரும்பகுதி இந்த நிலையிலதான் போகும். ஆஃப் பட்டனை அமுக்கினா ஆழ்ந்த தூக்கம், அதாவது பெருக்கல் சர்க்யூட்டே நின்னுடும், பிராசஸருக்கு துடிப்பே போகாது. மிச்சம் உயிரோட இருக்குறது மெமரிய அழியாம வெச்சிருக்க கொஞ்சம் கரண்டும், கிரிஸ்டலும், அதுல ஓடுற நிகழ்நேர கடிகார சர்க்யூட்டும் மட்டும்தான். ஆஃப்ங்கிறது உண்மையில ஆஃப் கிடையாது.

அந்த சர்க்யூட்டுக்கு இன்னொரு திறமை இருக்கு, ஒரு நேரத்த அதுக்குள்ள எழுதி வெச்சுட்டா, ஓடுற நேரம் அதோட பொருந்துற நொடில பிராசஸர உலுக்கி எழுப்பிவிடும். ராத்திரி பஸ்ல கண்டக்டர்கிட்ட நம்ம ஸ்டாப் வந்தா எழுப்புங்கன்னு சொல்லிட்டு தூங்குறோம்ல, அதேதான். ஆனா இந்த கண்டக்டருக்கு ஒரே ஒரு ஸ்டாப் பேருதான் ஞாபகம் இருக்கும். உங்க காலண்டர்ல நூறு அலாரம் இருந்தாலும் ஹார்டுவேருக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, எது ரொம்ப பக்கத்துல இருக்கோ அது.

மொத்த சாஃப்ட்வேரும் இந்த ஒரு கட்டுப்பாட்ட சுத்தித்தான் கட்டியிருக்கு, எனக்கு இதுல பிடிச்ச இடமே இதுதான். பாம் ஓஎஸ்ல ஒவ்வொரு புரோகிராமும் சிஸ்டம்கிட்ட ஒரு நேரத்துல ஒரு அலாரம்தான் பதிவு பண்ணலாம், ரெண்டாவது பதிவு பண்ணா முதல்ல சொன்னது போயிடும். அதனால பாமோட காலண்டர் புரோகிராமான டேட் புக் தன்கிட்ட இருக்குற எல்லா குறிப்பையும் பாத்து அடுத்தது எதுன்னு கண்டுபிடிச்சு அத மட்டும் சொல்லும், மத்த புரோகிராமும் தன்னோடத சொல்லும், சிஸ்டம் அதுல ரொம்ப சீக்கிரம் வர்றத ஹார்டுவேர்ல எழுதிட்டு தூங்கிடும். நேரம் வந்ததும் ரெண்டு கட்டமா நடக்கும். முதல் கட்டத்துல அலாரம் வந்துடுச்சுன்னு சம்பந்தப்பட்ட புரோகிராமுக்கு ஒரு தகவல் போகும், அது சத்தம் போடலாம், அதோட அடுத்த அலாரத்த பதிவு பண்ணிக்கலாம், ஆனா சட்டுனு முடிச்சிடணும். ஏன்னா அதே நேரத்துக்கு இன்னொரு புரோகிராமோட அலாரமும் காத்துட்டு இருக்கலாம். எல்லாருக்கும் தகவல் சொல்லி முடிச்ச அப்புறம்தான் ரெண்டாவது கட்டம், ஸ்கிரீன்ல மெசேஜ் காட்டுறது, இதுல நீங்க ஓகே அமுக்குற வரைக்கும் காத்திருக்கலாம். இப்படி பிரிக்கலன்னா நீங்க ஒரு மெசேஜ மூடாம விட்டா பின்னாடி நிக்கிற அலாரம் எல்லாம் தாமதமாகியிருக்கும்.

மெஷின ரீசெட் பண்ணா சிஸ்டம் கையில இருந்த அலாரம் பட்டியல் காணாம போயிடும். அதுக்காக ரீசெட் முடிஞ்சதும் ஒவ்வொரு புரோகிராமையும் சிஸ்டமே கூப்பிட்டு தகவல் சொல்லும், டேட் புக் உடனே திரும்ப கணக்கு போட்டு பதிவு பண்ணிக்கும். பயனருக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது, தெரியக்கூடாதும்.

வாராவாரம் திங்கள்னு போடுற குறிப்பையும் இதே சிக்கனத்தோட கையாளுறாங்க. 128 கிலோபைட் மெமரில அஞ்சு வருஷத்துக்கு 260 தனித்தனி குறிப்பு எழுதி வெக்க முடியுமா? அதனால ஒரே ஒரு பதிவு, கூடவே எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை, எந்த கிழமை, எப்போ முடியுதுங்கிற விதி. நடுவுல ஒரு நாள மட்டும் அழிச்சா அந்த தேதி விதிவிலக்கு பட்டியல்ல சேரும், அவ்வளவுதான். ஒரு நாளை திறக்குறப்போ இந்த விதி இந்த நாளைக்கு பொருந்துதான்னு அப்பவே கணக்கு போட்டு காட்டும்.

கடிகார முகம் வரையுறதும் சும்மா இல்ல. டிராகன்பால்ல தசம கணக்குக்கு தனி ஹார்டுவேர் இல்ல, முள்ளோட நுனி எங்க வரணும்னு சைன் கொசைன் போட்டா மெதுவா இருக்கும், அதனால முன்னாடியே கணக்கு போட்ட எண்கள ஒரு சின்ன அட்டவணையா வெச்சுக்கலாம், வட்டத்துல கால்பகுதிக்கு இருந்தா போதும், மிச்சம் எல்லாம் கூட்டல் கழித்தல் குறி மாத்தி வந்துடும். ஆனா வினாடி முள் வெச்சா வேற செலவு இருக்கு, ஒவ்வொரு வினாடியும் பிராசஸர் முழிக்கணும், ஸ்கிரீனும் தானா அணையாம பாத்துக்கணும், வாரக்கணக்குல வந்த பேட்டரி வேகமா கரையும். என்னைக் கேட்டா நிமிஷ முள்ளோட நிறுத்துன கடிகாரம்தான் நல்ல கடிகாரம்.

இப்ப தேதிக்கு வருவோம். பாம் ஓஎஸ் நேரத்த 1904 ஜனவரி 1 நள்ளிரவுல இருந்து எத்தனை வினாடி ஆச்சுன்னு ஒரே எண்ணா வெச்சுக்கும், பழைய மேக்கும் அப்படித்தான். 1904-ல ஒரு வசதி இருக்கு. 1900 லீப் வருஷம் இல்ல, 2000 லீப் வருஷம், 2100 இல்ல, ஆக 1904-ல ஆரம்பிச்சா 2099 வரைக்கும் நாலு வருஷத்துக்கு ஒரு லீப்ங்கிற ஒரே விதி போதும், நூறு, நானூறுன்னு வர்ற விதிவிலக்கே வேண்டாம். கிழமையும் சுலபம், 1904 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை, அங்கிருந்து நாள எண்ணி ஏழால வகுத்து மீதிய பாத்தா போதும். அந்த வினாடி எண்ணுக்கு 32 பிட் (பிட்ங்கிறது 0 இல்ல 1 வர்ற ஒரு இலக்கம்) இடம், அது நிரம்புறது 2040 பிப்ரவரி 6.

ஆனா டேட் புக் குறிப்போட தேதிய இன்னும் சுருக்கி 16 பிட்ல அடைச்சாங்க, நாளுக்கு 5, மாசத்துக்கு 4, வருஷத்துக்கு 7. ஏழு பிட்ல 0-ல இருந்து 127 வரைதான் எண்ணலாம், 1904-ஓட 127 கூட்டினா 2031. அதனால டேட் புக்கோட கடைசி நாள் 2031 டிசம்பர் 31.

நியூட்டனுக்கு இந்த மாதிரி நாள் முன்னாடியே வந்துடுச்சு. அதுல ஒரு வினாடிக் கணக்கு 1993 ஜனவரி 1-ல ஆரம்பிக்கும், ஆனா அதோட புரோகிராமிங் மொழில முழு எண்ணுக்கு 30 பிட்தான், அதுலயும் ஒண்ணு கூட்டல் கழித்தல் குறிக்கு போயிடும், ஆக 53 கோடியே 68 லட்சத்து சொச்சம் வினாடிதான் எண்ண முடியும். அது 2010 ஜனவரி 5 சாயங்காலம் தீர்ந்து போச்சு. ஆப்பிள் 1998-லயே நியூட்டன நிறுத்திட்டாங்க, இருந்தாலும் அத விடாம வெச்சிருந்த ரசிகர்கள் மத்தியில இருந்தே அதுக்கு ஒரு பேட்ச் வந்துச்சு. அந்த மெஷின்கள் இன்னமும் ஓடுதுன்னா அதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கடிகாரம் துல்லியமா இருக்குமான்னா, ஓரளவுக்கு. கிரிஸ்டல்ல பத்து லட்சத்துல 20 பங்கு பிழை இருந்தாலே நாளைக்கு 1.7 வினாடி, மாசத்துக்கு முக்கால் நிமிஷத்துக்கு மேல நகரும். இந்த வகை கிரிஸ்டல் 25 டிகிரி செல்சியஸ்கிட்ட வேகமா துடிக்கும், சூடானாலும் குளிர்ந்தாலும் கொஞ்சம் மெதுவாகும். நெட்ல இருந்து நேரம் வாங்குற வழி இல்லாததால அப்பப்போ கையால சரி பண்ணித்தான் ஆகணும்.

பாம் வெச்சிருக்கவங்க 2032 வந்ததும் தூக்கி போட வேண்டியதில்ல. 1901-ல இருந்து 2099 வரைக்கும் காலண்டர் 28 வருஷத்துக்கு ஒரு தடவை அப்படியே திரும்ப வரும், கிழமையும் லீப் வருஷமும் சேர்த்து. 2032-ல மெஷின்ல வருஷத்த 2004-ன்னு மாத்திட்டா தேதியும் கிழமையும் அச்சு அசலா பொருந்தும், அலாரமும் அதுபாட்டுக்கு அடிக்கும். பழைய குறிப்பு எல்லாம் எதிர்காலத்துல கிடக்கும், அத மட்டும் முன்னாடியே பேக்கப் எடுத்துட்டு அழிச்சிடுங்க, அப்புறம் 2031-ஐ திரும்ப தொடுறதுக்கு இன்னும் 27 வருஷம் இருக்கு.