ஃபைன் போட்ட ஆள் கோயில் கொடையிலும் நிற்பான்

போலீஸ்காரரை வெட்டுகிறவன் என்றதும் எல்லோருக்கும் ஹிஸ்டரி ஷீட் உள்ள ரவுடிதான் ஞாபகத்துக்கு வருகிறான். அவனைப் பிடிக்கப் போலீஸ்காரர்களான நாம் நாலு பேராகத்தான் போகிறோம், உஷாராகவும் இருக்கிறோம். அடி விழுவது பெரும்பாலும் வேறு பக்கத்திலிருந்து. 2022 ஏப்ரலில் திருநெல்வேலி சுத்தமல்லி பக்கம் பழவூரில், கோயில் கொடைத் திருவிழா பந்தோபஸ்துக்கு நின்ற பெண் எஸ்.ஐ.யைக் கத்தியால் தாக்கியவன், கொஞ்ச நாள் முன்பு குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக அவரிடம் மாட்டிய ஆள். நமக்கு அது அன்றைக்குப் போட்ட பத்துக் கேஸில் ஒன்று, சாயங்காலமே மறந்துவிடும். அவனுக்கு நாலு பேர் முன்னால் பட்ட அவமானம்.

அதனால் தம்பிமாரே, கொடைக்குப் போகும் முன்னால், இந்த ஊரில் சமீபத்தில் யார் மேல் கேஸ் போட்டோம் என்று அந்த ஏரியாவை ரோந்து பார்க்கிற பீட் ஏட்டையாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கூட்டத்துக்கு நடுவே வில்லுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், முதுகுக்குப் பின்னால் சுவரோ ஜீப்போ இருக்கிற மாதிரி நில்லுங்கள்.

நம்ம ஊரில் அரிவாளை வைத்து ஆளை எடை போட முடியாது. விடியற்காலையில் வாழைத் தோட்டத்துக்குப் போகிறவர் வண்டியில் அரிவாள் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அவர் அதை எல்லோரும் பார்க்கச் சாக்கில் செருகி வைத்திருப்பார், நிறுத்தினால் அவரே எடுத்துக் காட்டுவார். சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகியவனுக்குக் குனிய வராது, கை அடிக்கடி பிடரிக்குப் போகும். வாகனத் தணிக்கையில் லைசென்ஸை வாங்கிப் படிக்கிற அந்த நேரத்தில் நம் கண் தாளில் இருக்கிறது பாருங்கள், அதுதான் ஆபத்தான நேரம். ஒருவர் தாளைப் பார்க்கட்டும், இன்னொருவர் கையைப் பார்க்கட்டும். முகம் சிரித்துக்கொண்டே இருக்கும், வெட்டுவது கைதான்.

தூரமும் முக்கியம். சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்றுநர் டென்னிஸ் ட்யூல்லர் 1983-இல் எழுதியது இது: கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். துப்பாக்கி உறையின் பட்டனைக் கழற்றவே நமக்கு அவ்வளவு நேரம் ஆகும். லத்தி மட்டும் வைத்திருக்கிற காவலருக்கு, இடையில் ஒரு பைக்கோ பேரிகார்டோ இருப்பதுதான் பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது தனியாகப் போவது. 2018-இல் நாங்குநேரி பக்கம் மணல் கடத்தலைத் தடுக்க ராத்திரியில் தனியாகப் போன காவலர் ஜெகதீஷ் துரையைக் கொன்றார்கள். 2021 நவம்பரில் சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் ஆடு திருடியவர்களை பைக்கிலேயே விரட்டிப் போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் மடக்கியும் விட்டார். உதவிக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருந்தபோதுதான் வெட்டினார்கள். பிடிபட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். சின்னப் பையன்தானே, ஆட்டுக் கேஸ்தானே என்று யாருக்கும் தோன்றும். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும், ராத்திரி ரவுண்ட்ஸுக்குத் துணைக்கு ஹோம்கார்டு கிடைத்தாலே பெரிய விஷயம். சரி, அப்படியானால் விரட்டாதீர்கள். வண்டி நம்பரை வயர்லெஸ் மைக்கில் சொல்லுங்கள், அடுத்த செக்போஸ்ட்டில் நிறுத்தட்டும். தப்பினால் நாளைக்குப் பிடிக்கலாம். அதிகாரிகளும் 'ஏன் விட்டாய்' என்று ரோல்காலில் கேட்பதை நிறுத்த வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் தனியாக விரட்டுகிறார்கள்.

அப்புறம் ஜீப்பில் நல்ல கட்டுத்துணி வையுங்கள். கையில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. 108 வர நேரமாகும் என்றால் அழுத்திய கையை எடுக்காமல் அதே ஜீப்பிலேயே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு விடுங்கள், போகிற வழியிலேயே மைக்கில் சொல்லிவிட்டால் அங்கே தயாராக இருப்பார்கள்.