பெயர் இரண்டு, செடி ஒன்றுதான்

சென்ற வாரம் ஓர் ஆய்வேட்டில் உள்ள தாவரப் பெயர்களைச் சரிபார்த்துத் தரும்படி எனக்கு அனுப்பியிருந்தார்கள். மூலிகைச் சாறுகளை ஒப்பிடும் அட்டவணையில் நான்காம் வரிசையில் வெர்னோனியா சினேரியா இருந்தது. ஏழாம் வரிசையில் சயாந்திலியம் சினேரியம் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி அளவீடுகள் தரப்பட்டு, பின்னது முன்னதைவிட வீரியம் மிக்கது என்று முடிவும் கட்டப்பட்டிருந்தது. இரண்டும் நாம் சீதேவி செங்கழுநீர் என்று அழைக்கும் அதே செடிதான். மாதக்கணக்கில் உழைத்த ஒருவர், ஒரு செடியை அதனுடனேயே ஒப்பிட்டிருக்கிறார். இதே பிழையைப் பலமுறை பார்த்துச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

தாவரப் பெயரின் முன்பாதி பேரினத்தைக் குறிக்கும்; பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுதி. புதிதாக வரையறுக்கப்பட்ட பேரினம் என்றால், எங்கோ ஒரு காட்டில் புதிய செடி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்றே பலரும் புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. செடிகள் பழையவை, அவற்றின் உறவைப் பற்றிய நம் அறிவு மட்டுமே மாறியிருக்கிறது. ஒரே வீட்டில் வசித்ததால் உடன்பிறந்தவர்கள் என்று நாம் நம்பியிருந்த சிலர் வேறு வேறு குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெரியவந்தால், அவரவருக்குரிய குடும்பப் பெயரை எழுதுகிறோம். அதனால் ஆள் இரண்டாகிவிடுவதில்லை. பெயரின் முன்பாதி மாறும்போது செடியும் அதன் வேதிப்பொருள்களும் அதைப் பற்றி முன்பு எழுதப்பட்டவையும் அப்படியே இருக்கின்றன. பழைய பெயரில் வந்த ஆய்வுகளும் அந்தச் செடிக்கே உரியவை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இந்தச் செடியின் வரலாற்றையே பாருங்கள். 1753-இல் லின்னேயஸ் இதைக் கொனைசா சினேரியா என்றார். 1829-இல் லெஸ்ஸிங் வெர்னோனியாவுக்கு மாற்றினார். 1990-இல் ஹெரால்ட் ராபின்சன் சயாந்திலியத்தில் சேர்த்தார். சயாந்திலியம் என்ற பெயர்கூடப் புதியதன்று. புளூம் 1826-இலேயே சூட்டி, பின்னர் புழக்கத்திலிருந்து மறைந்திருந்த பெயர் அது.

ஏன் பிரிக்க வேண்டும்? ஏறத்தாழ 1,000 சிற்றினங்களை அடக்கியிருந்த பழைய வெர்னோனியா, வேறிடம் கிடைக்காதவற்றையெல்லாம் போட்டுவைத்த பரணாகிவிட்டிருந்தது. அமெரிக்கக் கண்டத்து வெர்னோனியாக்களின் அடிப்படைக் குரோமோசோம் எண் 17. ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவற்றுக்கோ 9 அல்லது 10. பின்னர் வந்த டி.என்.ஏ. ஆய்வுகளும் இவ்விரு கூட்டங்களும் வெவ்வேறு கிளைகள் என்றே காட்டின. வெர்னோனியாவின் வகைமாதிரிச் சிற்றினம், அதாவது அப்பேரினப் பெயர் நிலையாகப் பிணைக்கப்பட்டுள்ள சிற்றினம், வட அமெரிக்காவைச் சேர்ந்தது என்பதால், சர்வதேசப் பெயரிடல் விதிப்படி அந்தப் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. நம் செடி வேறு பெயருக்குப் போனது யாருடைய விருப்பு வெறுப்பாலும் அல்ல.

இச்செடி சேர்ந்த ஆஸ்டரேசி, அதாவது சூரியகாந்திக் குடும்பம், மிகப் பெரியது. ஏறக்குறைய 1,600 பேரினங்களும் 24,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களும் கொண்ட இக்குடும்பத்தில், பூவின் ஒளிப்படத்தை மட்டும் வைத்துப் பேரினத்தைச் சொல்லச் சொல்லாதீர்கள். நீங்கள் பூ என்று காட்டுவது பல சிறுமலர்கள் சேர்ந்த சிரமஞ்சரி. சீதேவி செங்கழுநீரின் ஒரு சிரமஞ்சரியை ஊசியால் பிரித்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், சூரியகாந்தியின் விளிம்பில் இதழ்போல் தெரியும் கதிர் சிறுமலர் ஒன்றுகூட இல்லாமல் ஊதாநிறக் குழல் சிறுமலர்கள் மட்டுமே இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் மயிரடர்ந்த சிறு சிப்செலா, அதாவது ஒற்றை விதையுள்ள உலர்கனி. அதன் உச்சியில் பாப்பஸ் எனப்படும் வெண்ணிற மயிர்க்குஞ்சம் இரண்டு வரிசையாக, வெளிவரிசை குட்டையாகவும் உள்வரிசை நீண்டும் நிற்கும். சூலகத்தண்டின் கிளைகள், மகரந்தத்தூளின் புறப்பரப்பு, மயிர்களின் வடிவம் என இந்தச் சிறு உறுப்புகளில்தான் பேரின எல்லைகள் பெரும்பாலும் தெரிகின்றன.

ஆகவே, ஆய்வுக்குச் செடியைப் பறிக்கும் நாளிலேயே பூவும் காயும் உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, எண்ணிட்டு, உலர்தாவரத் தொகுப்பகம் ஒன்றில் ஒப்படையுங்கள். கட்டுரையில் அந்த எண்ணையும், பெயரைச் சூட்டிய ஆசிரியரையும், அச்செடிக்கு வழங்கிய வேறு பெயர்களான முக்கிய இணைப்பெயர்களையும் எழுதுங்கள். அட்டவணை போடும் முன் ஒவ்வொரு பெயரையும் உலகத் தாவரப் பெயர்த் தரவுத்தளம் ஒன்றில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது. மஞ்சள் கரிசலாங்கண்ணியை ஆய்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வெடெலியாவிலிருந்து ஸ்பாக்னெட்டிகோலாவுக்கு மாறிய அச்செடியின் இடத்தில், தரைமூடியாக வளர்க்கப்படும் அமெரிக்க உறவுக்காரச் செடியைப் பறித்துவிடுகிறார்கள். இங்கே பெயரோடு செடியும் மாறிவிடுகிறது.

புதிய பேரினத்தை வரையறுக்கப் புறப்படும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு மரபணுத் துண்டை நம்பிப் பிரிக்காதீர்கள். கலப்பினமாதல் மிகுந்த இக்குடும்பத்தில் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. ஓர் உறவையும் உட்கருவின் டி.என்.ஏ. வேறோர் உறவையும் காட்டுவது அரிதன்று. பழைய பேரினத்தின் வகைமாதிரிச் சிற்றினத்தை உங்கள் ஆய்வில் கட்டாயம் சேருங்கள். அது இல்லாமல் எந்தக் கிளைக்குப் பழைய பெயர் உரியது என்றே சொல்ல முடியாது. களத்தில் நிற்பவர் கைவில்லையால் பார்த்து அறியக்கூடிய ஒரு பண்பையேனும் வரையறையில் தாருங்கள்.

அந்த ஆய்வேட்டின் இரண்டு சாறுகளும் எந்தச் செடியிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதற்கு ஓர் உலர் மாதிரியாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். இல்லை என்று பதில் வந்தது. செடிகள் உறுதியானால் இரண்டு வரிசைகளையும் ஒன்றாக்கியிருக்கலாம். இப்போது இரண்டையுமே நீக்கும்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்.