வட்டத்துக்குள் வீடு, எட்டாத பஸ்

நகரத் திட்டமிடும் வேலையில் இருக்கும் எங்கள் மேஜைக்கு ஒரு குடியிருப்புத் திட்டம் வந்தால், வரைபடத்தில் பேருந்து நிறுத்தத்தை நடுவில் வைத்து 400 மீட்டருக்கு ஒரு வட்டம் போடுவோம். சாதாரணமாக நடப்பவருக்கு ஐந்து நிமிடத் தூரம். ரயில் நிலையமென்றால் 800 மீட்டர். வீடு அந்த வட்டத்துக்குள் விழுந்துவிட்டால் 'போக்குவரத்து வசதி உண்டு' என்று குறிப்பு எழுதிவிடுவோம். பல வருடங்கள் நானும் அப்படித்தான் எழுதினேன்.

அப்படி எழுதிய ஒரு குடியிருப்பில் ஆட்கள் குடியேறிய பிறகு போய்ப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் இருந்த ஓர் அம்மா, "பஸ் ஏறணும்னா எங்கூட வாங்க, காட்டுறேன்" என்று கிளம்பினார். கையில் பை, இடுப்பில் பேரன். அவர் வீட்டு ஜன்னலில் நின்றாலே நிறுத்தத்தின் கூரை தெரிகிறது. ஆனால் இடையில் ஆளுயர மதில். மதிலைச் சுற்றி, முன்வாசல் வழியாகப் பெரிய சாலைக்கு வந்தோம். அங்கே குறுக்கே கடக்க வழியில்லை. அடுத்த சிக்னல்வரை போய்த் திரும்பி வந்தோம். 18 நிமிடம். வழியில் இரண்டு முறை பேரனை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். என் வரைபடத்தில் அந்தக் கட்டடம் நிறுத்தத்திலிருந்து 250 மீட்டர்.

மதிலில் ஒரு சிறிய வாசல், சாலையில் பாதசாரிகள் கடக்க ஒரு கோடு. வேண்டியிருந்தது அவ்வளவுதான். கட்டுவதற்கு முன்பே பக்கத்துத் தெருக்காரர்கள் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பிறகு அதைச் செய்துமுடிக்க இரண்டு வருடம் ஆனது. மதில் ஒரு துறையுடையது, சாலை இன்னொன்றுடையது, நிறுத்தம் வேறொன்றுடையது.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வீடு கட்டுகிறார்கள். ஏற்கெனவே கூட்டம் இருக்கும் தடத்தில் பஸ் விடுகிறார்கள். இரண்டும் சந்திக்காத இடத்தில் குடியேறுபவருக்கு வாடகையில் மிச்சமானது பயணத்தில் போய்விடுகிறது, தூக்கமும் சேர்ந்து.

சரி, நிறுத்தம் பக்கத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு பஸ் என்றால், நேரம் பார்க்காமல் வருபவர் சராசரியாக அரை மணி நேரம் நிற்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஏழரை நிமிடம். அதனால் 'பஸ் உண்டா' என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கடைசி பஸ் எப்போது என்று கேளுங்கள். இரவு வேலை முடிந்து திரும்புபவருக்கு அந்தக் கடைசி பஸ்தான் கணக்கு.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் பெரிய விஷயம். வியன்னாவில் 1999இல் நகர நிர்வாகம் மக்களின் அன்றாடப் பயணங்களைப் பற்றி ஒரு கேள்வித்தாள் கொடுத்தது. ஆண்கள் பலர் சில நிமிடங்களில் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள்: காலையில் வேலைக்கு, மாலையில் வீட்டுக்கு. பெண்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, பெரியவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போவது, வழியில் சாமான் வாங்குவது என்று ஒரே நாளில் அத்தனை பயணம், அதில் பெரும்பகுதி நடந்தும் பொதுப் போக்குவரத்திலும். அதைப் பார்த்த பிறகுதான் அங்கே நடைபாதையை அகலமாக்கினார்கள், தெருவிளக்கைக் கூட்டினார்கள்.

வார நாளில் பகல் 11 மணிக்கு அலுவலகத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் இவர்களில் யார் வருவார்கள்? அதனால் இப்போதெல்லாம் நான் காலை 6 மணிக்கு நிறுத்தத்தில் போய் நிற்கிறேன். எங்கிருந்து நடந்து வந்தீர்கள், எங்கே பஸ் மாறுவீர்கள் என்று இரண்டே கேள்வி. கூட்டங்களில் கிடைக்காதது அங்கே அரை மணியில் கிடைக்கிறது.

ஒரு கவலை மட்டும் எனக்குத் தீரவில்லை. நல்ல போக்குவரத்து வந்ததும் வாடகை ஏறுகிறது. கேட்டுப் போராடி வாங்கியவர்களே வீட்டைக் காலி செய்கிறார்கள். இதற்குப் பலன் தந்த வழிகளும் உண்டு. அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 1984இல் தொடங்கிய சமூக நில அறக்கட்டளை, நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கிறது. வாங்கியவர் பிறகு விற்கும்போது ஒரு வரம்புக்கு மேல் விலை வைக்க முடியாது, அடுத்து வரும் குடும்பத்துக்கும் அது கட்டுப்படியாகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டைப் புதிய தடம் அறிவிப்பதற்கு முன்பே பேசி முடித்தாக வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு நிலம் கைக்கு எட்டாது.

உங்கள் பகுதிக்கு ஒரு வரைவுத் திட்டம் வெளிவந்தால், ஆட்சேபம் சொல்லும் கெடு முடிவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். வயதானவர் ஒருவரோடோ குழந்தையோடோ வாசலிலிருந்து நிறுத்தம்வரை நடந்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பஸ் வசதி வேண்டும்' என்று மட்டும் எழுதிய மனு எங்கள் கோப்பில் போய்ச் சேரும், அத்தோடு சரி. 'இங்கிருந்து நிறுத்தத்துக்கு 18 நிமிடம், மதிலில் இந்த இடத்தில் வாசல் வைத்தால் 4 நிமிடம்' என்று ஒரு கைவரைபடத்தோடு வந்தால், பொறியாளர் அந்த மதிலைப் போய்ப் பார்க்காமல் பதில் எழுத முடியாது.