டோட்டம்: 'குலக்குறி' என்றால் போதுமா?

கனடாவின் அனிஷினாபே பழங்குடி ஓவியர் நோர்வால் மொரிசோவின் ஓவியங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், இரண்டாவது வரியிலேயே 'டோட்டம்' (totem) என்ற சொல் வந்து வழிமறிக்கும். அகராதிகளில் குலக்குறி, குலமரபுச் சின்னம் என்று கிடைக்கின்றன. மானிடவியலில் நிலைத்தது குலக்குறி. நல்ல ஆக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறந்த இடத்தில் இருக்கும் பொருளில் பாதிதான் இதில் அடங்குகிறது.

பிறந்த இடம் வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றியுள்ள நிலம். அங்குள்ள அனிஷினாபே மக்களின் (ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி எல்லாரும் இந்தப் பெயருக்குள் வருவார்கள்) மொழியில் மூலச்சொல் 'டூடெம்'. விளக்க வசதிக்காகத்தான் இப்படிப் பிரித்து எழுதுகிறோம். பேச்சில் அது தனியாக நிற்பதில்லை. 'நிண்டூடெம்' என்றால் என்னுடையது, 'கிடூடெம்' உன்னுடையது, 'ஒடூடெமன்' அவருடையது. நமக்கு இது புதிதல்ல. பழந்தமிழில் யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் பிறர் தாய். எந்தை, நுந்தை, தந்தையும் அப்படித்தான். டூடெமும் இப்படி உறவுமுறைச் சொல் போலவே நடக்கிறது. இதோடு உறவுடைய க்ரீ மொழியில் 'நிதோதேம்' என்றால் என் சொந்தக்காரர், என் நண்பர். விலங்குக்கு அங்கே வேலையே இல்லை!

அனிஷினாபே வழக்கில் விலங்கு உண்டு. கொக்கு, கரடி, மீன் என்று ஒவ்வொரு கால்வழிக்கும் ஒரு பெயர். அது தந்தை வழியில் வரும். ஒரே டூடெத்தைச் சேர்ந்தவர்கள் எவ்வளவு தொலைவில் பிறந்திருந்தாலும் உடன்பிறந்தார் முறை. பெண் கொடுத்து எடுக்க முடியாது. 1701-ல் மொன்ட்ரியாலில் பிரெஞ்சுக்காரரோடு 30-க்கும் மேற்பட்ட பழங்குடி இனங்கள் சமாதான உடன்படிக்கை செய்தபோது, தலைவர்கள் பலர் கையெழுத்தாக விலங்குகளையே வரைந்து கொடுத்தார்கள்.

சரி, உறவுச் சொல் எப்படிச் சின்னத்தின் பெயரானது? ஜான் லாங் என்ற தோல் வணிகர் 1791-ல் லண்டனில் வெளியிட்ட பயண நூலில் 'டோட்டம்' என்று எழுதினார். ஆங்கிலத்துக்குச் சொல் வந்தது அப்படித்தான். தன் டோட்டமான கரடியைத் தவறுதலாகக் கொன்றுவிட்டுக் கலங்கிய ஒருவரின் கதையையும் அதில் சொல்கிறார். கதை சுவையானது, விளக்கம்தான் பிசகு. ஒருவருக்குத் தனியாக வாய்க்கும் காவல் ஆவி வேறு, கால்வழியாக வரும் டூடெம் வேறு. லாங் இரண்டையும் கலந்துவிட்டார். அந்தக் குழப்பத்தின் மேல் 'டோட்டமியம்' என்று ஒரு பெரிய கோட்பாடே எழுந்தது. 1962-ல் பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் அதைப் பிரித்துப் போட்டார். அப்புறம் 'டோட்டம் கம்பம்'. அது பசிபிக் கரையில் வாழும் ஹைடா, ட்லிங்கிட் போன்ற மக்களின் மரச்செதுக்கு. அனிஷினாபே வழக்கம் அல்ல.

மொரிசோ (1932–2007) ஒன்டாரியோவில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். பழங்கதைகளைச் சொன்ன தாத்தா ஆவிகளோடு பேசும் சாமியாடி, பாட்டி கத்தோலிக்கர். ஆறு வயதில் கிறித்தவ உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 19 வயதில் சாகக் கிடந்தபோது, மருந்துக்காரப் பெண்மணி ஒருவர் சடங்கு செய்து புதுப் பெயர் வைத்தார்: மிஸ்க்வாபிக் அனிமிக்கி, அதாவது செம்பு இடிப்பறவை. (மிஸ்க்வாபிக் என்றால் சிவந்த உலோகம், நம் 'செம்பு'ம் சிவப்பிலிருந்து வந்ததே.) பிழைத்தார், அந்தப் பெயரையே ஓவியங்களில் கையெழுத்தாக இட்டார். புனிதக் கதைகளை வெளியாருக்கு வரைந்து காட்டுவதா என்று அவர் மக்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். ஆனால் 1962-ல் டொரன்டோவில் வைத்த கண்காட்சி முழுவதும் விற்றுப்போனது.

அவர் படங்களில் விலங்கின் வயிற்றுக்குள் இருப்பதும் தெரியும். தடித்த கறுப்புக் கோடு ஒன்று ஓர் உடலிலிருந்து புறப்பட்டு இன்னோர் உடலைத் தொடும். என் கண் முதலில் போவது அந்தக் கோட்டுக்குத்தான். கரடியைக் 'குறி' என்று சொல்லிவிடலாம். கரடியையும் மனிதரையும் இணைக்கும் கோட்டை என்ன சொல்வது?

கொங்குநாட்டுப் பேச்சில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கூட்டம். காடை கூட்டம், ஆந்தை கூட்டம் என்பார்கள். ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. ஒரு சாதிக்குள் வழங்கும் சொல் என்பதால் அப்படியே எடுத்துப் பொருத்தத் தயக்கம்தான். ஆனாலும் பொருள் இதைவிட நெருக்கமாக வேறெதிலும் அமையவில்லை. விலங்கின் உருவத்தை மட்டும் சுட்டினால் குலக்குறி போதும். உறவைச் சொல்ல வரும்போது 'அவர் குலக்குறி கரடி' என்று எழுத மாட்டேன். 'அவர் கரடிக் கூட்டத்தார்' என்றே எழுதுவேன்.