சாப்பாட்டை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகாதீர்கள்

"எதைச் சாப்பிட்டாலும் ஒத்துக்க மாட்டேங்குது" என்று வருபவர்களிடம், எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்று கேட்பேன். முதலில் பால் நின்றிருக்கும். அப்புறம் கோதுமை, பருப்பு, காரம், பழங்கள். கடைசியில் ரசம் சாதமும் மோர் சாதமும்தான் மிஞ்சியிருக்கும். எடை குறைந்து, கல்யாண வீட்டுக்குப் போவதையே நிறுத்தியிருப்பார்கள். வயிற்று வலி மட்டும் அப்படியே இருக்கும். குடல் நோய்ப் பிரிவில் உணவு ஆலோசனை தரும் எனக்கு இதுதான் பெரிய கவலை.

வலி, உப்புசம், சாப்பிட்டதும் வயிறு கலக்குவது, சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல், போய்விட்டு வந்தும் முழுதாகப் போன மாதிரி இல்லாதது. இத்தனை இருந்தும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்று வரும். இதைத்தான் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐபிஎஸ் என்கிறோம். ஐபிஎஸ்ஸைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016-இல் வெளியான ரோம் 4 அளவுகோல்படி, தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வலி வந்திருக்க வேண்டும். அந்த வலி, மலம் கழிப்பது, மலத்தின் தன்மை மாறுவது, தடவைகள் மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது சேர்ந்து வர வேண்டும். இது புற்றுநோயாக மாறாது. பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஐபிஎஸ் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 45–50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய். இதில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றிப் பார்ப்பது அப்புறம், மருத்துவர்தான் முதலில். நம் நாட்டில் குடல் காசநோயும் இதே வயிற்று வலியாகத்தான் தொடங்கலாம்.

சரி, பரிசோதனை எல்லாம் நார்மல் என்றால் வலி எங்கிருந்து வருகிறது? வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால், ஆப்பிள், மாம்பழம், காலிஃபிளவர், காளான் ஆகியவற்றில் இருக்கும் சிலவகைச் சர்க்கரைகளைச் சிறுகுடல் முழுதாக உறிஞ்சுவதில்லை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைக்க, வாயு உண்டாகிறது. இது எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான். ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் நரம்புகள் கூருணர்வு மிக்கவை என்பதால், மற்றவர்கள் கவனிக்காமலே விட்டுவிடும் உப்பல் இவர்களுக்கு வலியாகத் தெரிகிறது. வலி கற்பனை இல்லை. "எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இந்தச் சர்க்கரைகளைக் குறைக்கும் முறைதான் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான 'லோ ஃபாட்மேப்' உணவுமுறை. இணையத்தில் அதன் விலக்குப் பட்டியல் மட்டும் பரவியிருக்கிறது. விலக்குவது 2 முதல் 6 வாரம் வரைதான். அதன்பின் ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து, எது, எந்த அளவில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பதுதான் முக்கியமான வேலை. ஒரு பள்ளி ஆசிரியை வகுப்புக்குப் பயந்து காலைச் சாப்பாட்டையே விட்டிருந்தார். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், அவருக்குச் சிக்கல் வெங்காயத்திலும் பெரிய டம்ளர் பாலிலும்தான் இருந்தது. இரண்டு சப்பாத்தி, தயிர், சின்ன டம்ளர் காபி எல்லாம் ஒத்துக்கொண்டன. அவ்வளவு நாள் அவற்றை வீணாக விட்டிருந்தார்.

நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். பூண்டில் உள்ள அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் முழுப்பல்லை எண்ணெயில் வதக்கி, தண்ணீர் ஊற்றும் முன் எடுத்துப் போட்டுவிடுங்கள், மணம் மட்டும் எண்ணெயில் நிற்கும். ரசத்தில் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டு, குடிக்கும்போது ஒதுக்கினால் பலனில்லை. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. இஞ்சி, சீரகம், கறிவேப்பிலை தாராளமாகச் சேர்க்கலாம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஒரு சிட்டிகை ஐபிஎஸ்ஸுக்குக் கெடுதல் செய்யாது (கோதுமைப் புரதமே குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்கள் விஷயம் வேறு). கொண்டைக்கடலையை ஊறவைத்த தண்ணீரையும் வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டு, சிறிதளவு மட்டும் சாப்பிடுங்கள். அரிசி, கேரட், வெண்டைக்காய், கத்தரிக்காய், ஆரஞ்சு, முட்டை, மீன் ஆகியவற்றை இந்த முறை தடுக்கவில்லை.

எல்லோருக்கும் இவ்வளவு தேவைப்படுவதும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுவது, காபி டீயைக் குறைப்பது, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைப்பது ஆகியவற்றிலேயே பலருக்குப் பாதிக்குமேல் சரியாகிவிடுவதைப் பார்க்கிறேன். நார்ச்சத்து என்று கோதுமைத் தவிட்டை அள்ளிப் போட்டால் உப்புசம் கூடலாம். இசப்கோல் என்ற விதை உமிதான் நல்லது. ஒரு டீஸ்பூனில் தொடங்கி, ஒரு டம்ளர் தண்ணீரோடு, மெதுவாகக் கூட்டுங்கள்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் மாத்திரை எடுப்பதில் தயக்கம் வேண்டாம். குறிப்பாக அமிட்ரிப்டிலின். மருந்துக்கடையில் "இது டிப்ரஷன் மாத்திரை" என்று சொன்னதும் சிலர் அப்படியே வைத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் நடந்து 2023-இல் வெளியான அட்லாண்டிஸ் ஆய்வில், 10 மில்லிகிராமில் தொடங்கி அதிகபட்சம் 30 வரை கொடுத்தபோது ஐபிஎஸ் தொந்தரவு குறைந்தது. மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட இது மிகக் குறைவு. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் வலிச் சமிக்ஞைகளை அது தணிப்பதாகக் கருதப்படுகிறது. தூக்கக் கலக்கம், வாய் உலர்வது இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம். நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விலக்கு உணவைத் தனியாக ஆரம்பிக்கக் கூடாது. உணவு ஆலோசகரைப் பார்க்கும்போது, இரண்டு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது, மலம் எப்படிப் போனது, அன்று தூக்கம் எப்படி என்று எழுதிய நோட்டைக் கொண்டு வாருங்கள். அது கையில் இருந்தால் முதல் நாளே எதைத் திரும்பச் சேர்க்கலாம் என்று பேச ஆரம்பித்துவிடலாம்.