மேசை அலங்காரம் சரி, பேட்டரி மூடி எங்கே?

போன வாரம் ஒன்றரை வயதுப் பையன் ஒருவனின் உணவுக்குழாயிலிருந்து பட்டன் பேட்டரி ஒன்றை எடுத்தேன். இலையுதிர் காலம் தொடங்கிய பிறகு என் கைக்கு வந்த மூன்றாவது பேட்டரி இது. ரிமோட்டிலிருந்தோ பொம்மையிலிருந்தோ வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. மூன்றும் சாப்பாட்டு மேசை அலங்காரத்திலிருந்து வந்தவை.

பையனின் அப்பா செல்போனில் அந்த மேசையின் படத்தைக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, கண்ணைப் பறிக்கிற மேசை. நீளவாக்கில் சாக்குத் துணி விரிப்பு, அதன்மேல் நடைபாதையில் பொறுக்கிய செம்பழுப்பு இலைகள், பைன் காய்கள், குட்டிப் பூசணிகள், இடையிடையே மினுங்கும் எல்.ஈ.டி. மெழுகுவத்திகள். செலவென்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. “நெருப்பு வேண்டாம்னுதான் டாக்டர் இதை வாங்கினோம்” என்றார். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. படத்தைப் பெரிதாக்கினேன். ஓரத்தில் ஒரு மெழுகுவத்தி கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் மூடி இல்லை.

உங்கள் வீட்டில் இருப்பதையும் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு பெட்டியில் 24 என்று மலிவாக வருகிறவற்றில் பலவற்றுக்கு அடியில் திருகாணியே இருக்காது. நகத்தால் நெம்பினால் திறக்கும் பிளாஸ்டிக் மூடி, அதற்குள் வெள்ளி நிறத்தில் ஒரு வில்லை. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்று பொறித்திருக்கும். 20 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், 32 என்றால் தடிமன் 3.2 மில்லிமீட்டர். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் போய் உட்கார்ந்துகொள்ள அளவெடுத்துச் செய்தது போன்ற அளவு. மேசையிலிருந்து ஒருமுறை தரையில் விழுந்தால் போதும், மூடி ஒரு பக்கம் ஓடும், வில்லை ஒரு பக்கம் ஓடும். பெரியவர்கள் மூடியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தவழ்கிற பிள்ளைக்கு வில்லைதான் முதலில் கண்ணில் படும்.

இனி என்னை எரிச்சல்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வீட்டிலும் ஒரே வசனம்: “அது தீர்ந்துபோன பேட்டரிதான் டாக்டர்.”

தீர்ந்துபோனது என்று யார் சொன்னது? விளக்கு சொன்னது. விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். புதிய வில்லையில் 3 வோல்ட் இருக்கிறது. அந்தக் குட்டி விளக்கு எரிய ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் விளக்கு அணைந்துவிடும், நீங்களும் பேட்டரி செத்துவிட்டது என்று மேசை மேலேயே கழற்றிப் போட்டுவிடுவீர்கள். ஆனால் ஈரமான தொண்டைச் சதையைப் பொசுக்க 1.2 வோல்ட் போதும். லோ வோல்டேஜில் ஃபேன் சுற்றவில்லை என்பதற்காக மின்கம்பியைக் கையால் பிடிப்பீர்களா? விளக்குக்குத்தான் அது செத்த பேட்டரி. பிள்ளைக்கு அது உயிரோடுதான் இருக்கிறது. இன்னும் ஒருமுறை சொல்கிறேன்: எரியாத மெழுகுவத்தியில் உள்ள பேட்டரியும் தொண்டையைப் பொசுக்கும். போதாததற்கு, அதற்கு யாரும் காவல் இருப்பதும் இல்லை.

அடுத்தது, “காசு முழுங்கினா தானா வெளிய வந்துடுமே.” காசு பெரும்பாலும் வந்துவிடும். பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கும். உடைய வேண்டியதில்லை, கசிய வேண்டியதுமில்லை. எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, பேட்டரியின் மைனஸ் முனைப் பக்கம் கடுங்காரம் உண்டாகிறது, அதுதான் பொசுக்குகிறது. எக்ஸ்ரேயில் இரண்டும் வட்டமாகத்தான் தெரியும். எங்கள் ஜூனியர்களிடம் ஓயாமல் சொல்வேன்: காசு என்று எழுதுவதற்கு முன் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார், வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரிந்தால் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போடு.

இந்தப் பையனின் அம்மாவுக்கு அவன் விழுங்கியது தெரியவே தெரியாது. யாரும் பார்க்கவில்லை. “ரெண்டு நாளா எச்சில் வடியுது, சாப்பாட்டைத் தள்ளுறான், லேசா இருமல். பல் முளைக்குதுன்னு நினைச்சோம்” என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இதே அறிகுறிகளைப் பார்த்துச் சளி என்று மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர்களும் உண்டு. பேட்டரியை எடுத்தாகிவிட்டது. ஆனால் எடுத்ததோடு கதை முடியவில்லை. புண் உள்ளே ஆழமாகிக்கொண்டே போய் மூச்சுக்குழாயில் ஓட்டை விழலாம், பக்கத்திலிருக்கும் பெருந்தமனியை அரித்துப் பல நாள் கழித்துக்கூட ரத்தம் கொட்டலாம். அவனுக்கு இப்போது மூக்கு வழியாகக் குழாயில்தான் உணவு. புண் ஆறிய பிறகு உணவுக்குழாய் சுருங்கினால் மறுபடி மறுபடி விரித்துவிட வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் 2022இல் இதற்காகவே ஒரு சட்டம் வந்தது, ரீஸ் சட்டம். பேட்டரி விழுங்கி இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயர் அது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் கட்டாய விதிகள் நடைமுறைக்கு வந்தன. கருவி இல்லாமல், அல்லது இரண்டு அசைவுகளைச் சேர்த்துச் செய்யாமல் மூடி திறக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்கச் சட்டத்தின் சாரம். நல்லது. ஆனால் பெயரில்லாத பெட்டியில் வருகிற மலிவு மெழுகுவத்தி எந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு வருகிறது?

அலங்காரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்குதான் வேண்டுமென்றால் டபுள் ஏ அல்லது ட்ரிபிள் ஏ பேட்டரி போடுகிற, மூடியில் திருகாணி இருக்கிற விளக்காக வாங்குங்கள். எண்ணிக்கை குறையும், 24க்குப் பதில் நான்கு வரும். நான்கு போதும். நிஜ மெழுகுவத்தி என்றால் காய்ந்த இலைகளை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். அதை விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன?

பொறுக்கி வருகிறவற்றிலும் கொஞ்சம் கவனம். பெயர் தெரியாத செடியின் சிவப்புக் காய்களைக் கொத்தாக ஒடித்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறீர்களே, அது சாப்பாட்டு மேசை. அங்கே இருப்பதெல்லாம் சாப்பிடத்தான் என்று நாம்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அப்படிச் சிவப்பாகக் காய்க்கிற யூ மரத்தின் விதை இதயத்தை நிறுத்தும். உலர்ந்த விதைக் கலவைக் கிண்ணத்தில் குன்றிமணி இருந்தால் கிண்ணத்தோடு எடுத்துவிடுங்கள். வட அமெரிக்காவில் இருப்பவர்கள், இலையுதிர் காலத்தில் முந்திக்கொண்டு சிவக்கிற மூவிலைக் கொடி பாய்சன் ஐவியாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். காய்ந்த பிறகும் அதன் எண்ணெய் தோலைத் தடிக்க வைக்கும். அலங்காரச் சுரைக்காய்களைப் பருவம் முடிந்ததும் வீணாக்க வேண்டாமே என்று சமைக்காதீர்கள். அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். சமையலுக்கான பூசணியையும் ஆப்பிளையும் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, அலங்காரத்தைக் கலைத்த அன்றே சமைத்தும் விடலாம்.

விரிப்பு தொங்கக் கூடாது. நடக்கப் பழகுகிற பிள்ளைக்கு அது எழுந்து நிற்க ஒரு கயிறு, அதன் மறுமுனையில் உங்கள் கொதிக்கிற சூப்.

பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், சந்தேகம்தான் என்றாலும், எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விட்டுத் துழாவாதீர்கள். சாப்பாடோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்க முடிந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன் கொடுக்கலாம், ஆறு முறை வரை. புண் ஆழமாவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். தேன் பாட்டிலைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேனே கூடாது. மூக்கில் திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான், சொட்டு மருந்து எதுவும் விடாமல் வாருங்கள்.

கழற்றிய பேட்டரியின் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, பிள்ளை எட்டாத இடத்தில் ஒரு டப்பாவில் போட்டு, பேட்டரி சேகரிக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால், தயவுசெய்து, மேசையில் இருப்பதை ஒருமுறை எண்ணிவிடுங்கள். பெட்டியில் 24 என்று போட்டிருந்தால் 24 மெழுகுவத்தி, 24 மூடி, 24 வில்லை.